நேரோபோட்டுக்கு மூரிங் தேடுகிறீர்களா? ஜனவரி இரவை மனத்தில் வைத்துத் தேடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறேன். 57 அடி நேரோபோட் (கால்வாய்களுக்கென்றே செய்த ஒடுங்கிய, நீளமான படகு) ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்க எண்ணம். கால்வாயில் அதை நிரந்தரமாகக் கட்டி வைக்க நல்ல மூரிங் எப்படித் தேடுவது? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

படகுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்பதை நீங்கள் சொல்லவில்லை. இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் இடத்தைப் பிடியுங்கள். நேரோபோட்டுகள் ஆண்டு முழுவதும் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும். குடியிருக்க அனுமதியுள்ள மூரிங் அப்படி வராது. படகை விற்பவர், அது கட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்து உங்களுக்கு விற்றுவிட முடியாது, ஏனென்றால் பெரும்பாலும் அந்த இடம் அவருடையதே இல்லை; வாடகைக்குத்தான் வைத்திருப்பார். "மூரிங்குடன் விற்பனைக்கு" என்று விளம்பரம் பார்த்தால், அந்த இடத்தின் உரிமையாளர் உங்கள் பெயருக்கு ஒப்பந்தம் தருவதாக எழுத்தில் உறுதி சொல்லும்வரை அந்த வார்த்தையை நம்பாதீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகள் கனால் அண்டு ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன. 2012இல் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனத்திடமிருந்து அவை அதன் கைக்கு வந்தன. படகுக்கு அவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் காப்பீடும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழும் கட்டாயம். இந்த உரிமக் கட்டணம் வேறு, மூரிங் வாடகை வேறு. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போட்டுப் பிறகு திணறுகிறார்கள்.

உரிமம் பெற 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, படகைச் சட்டப்படி விட்டுவைக்க ஒரு நிலையான இடத்தைக் காட்டுவது. இன்னொன்று, இடமே இல்லாமல் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருப்பது. பின்னதில் ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. இரண்டு பாலங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுவதும் செல்லாது. ஓராண்டில் 20 மைல் பரப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அது போதாது என்றே டிரஸ்டின் வழிகாட்டுதல் சொல்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து இப்படிப் பயணிக்கும் படகுகளுக்கு உரிமத்தின் மேல் கூடுதல் கட்டணமும் உண்டு. பயண வாழ்க்கை அருமையானது, அதை விரும்பி வாழ்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் தினமும் ஒரே அலுவலகத்துக்குப் போக வேண்டியவருக்கு, அதுவும் முதல் ஆண்டிலேயே, அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது, பலரும் கண்டும் காணாமல் விடுகிற விஷயம். மூரிங்குகளில் குடியிருப்புக்கானவை, பொழுதுபோக்குக்கானவை என இரண்டு வகை. குடியிருப்பு மூரிங்குக்கு உள்ளூர் மன்றத்தின் திட்ட அனுமதி இருக்க வேண்டும். பெரும்பாலும் கவுன்சில் வரி என்ற உள்ளாட்சி வரியும் வரும், அது மிகக் குறைந்த ஏ பிரிவில் அமைவது வழக்கம். பொழுதுபோக்கு மூரிங்கில் வார இறுதிகளில் தங்கலாம், அதையே வீடாக்கிக்கொள்ள ஒப்பந்தம் இடம் தராது. "எல்லோரும் இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை" என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்லுவார். அவர் சொல்வது இன்றைக்கு உண்மையாகவே இருக்கலாம். மேலாளர் மாறினாலோ, யாராவது மன்றத்துக்கு ஒரு புகார் எழுதினாலோ, உங்களுக்குச் சில வாரமே அவகாசம் கிடைக்கும். வீட்டு வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பு மூரிங் எடுத்தவருக்குக் கிடையாது; நடமாடும் வீடுகளுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டமும் படகுகளுக்குப் பொருந்தாது. அதனால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே, "நான் முழுநேரமும் படகில் குடியிருக்கப் போகிறேன், உங்கள் இடத்துக்கு அந்த அனுமதி இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் வருத்தப்படாமல் அடுத்த எண்ணை அழையுங்கள்.

இடங்களின் வகையைப் பொறுத்தவரை, மரீனா என்பது கால்வாயை ஒட்டி வெட்டிய படகுக் குளம். தண்ணீர், மின்சாரம், கழிப்பறைக் கழிவு கொட்டும் இடம், கார் நிறுத்தம், வாசல் கதவு எல்லாம் இருக்கும். வாடகையும் அதற்கேற்ப உயரும். இன்னொரு வகை, கால்வாயிலேயே கரையை ஒட்டி வரிசையாக நிற்பது. அதில் கரைப்பாதை உள்ள பக்கம் என்றால் நாள் முழுவதும் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் உங்கள் ஜன்னலைத் தாண்டிப் போவார்கள். எதிர்க்கரை அமைதியானது, பாதுகாப்பானது; நிலத்துக்காரர் வழிவிட்டால்தான் போய்வர முடியும். விவசாயிகள் தங்கள் வயலோரத்தை வாடகைக்கு விடுவது உண்டு. விலை குறைவு, சேறு அதிகம். வீட்டுத் தோட்டத்தின் கடைக்கோடியில் கால்வாய் ஓடினால் அந்த வீட்டுக்காரரும் இடம் தருவார். கரை அவருடையது, தண்ணீர் டிரஸ்டின் பொறுப்பு. ஆகவே டிரஸ்டுடனான ஒப்பந்தத்தை அவரிடம் வாங்கிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். மூரிங் பார்க்கப் போகிறவர்கள் கரையைப் பார்க்கிறார்கள், காட்சியைப் பார்க்கிறார்கள். தண்ணீரைப் பார்ப்பவர்கள் குறைவு.

நேரோபோட் நீருக்குள் இரண்டு முதல் இரண்டரை அடிவரை அமிழ்ந்திருக்கும். கால்வாயின் குறுக்குவெட்டு தட்டையான ஒரு கிண்ணம். நடுவில் ஆழம், ஓரத்தில் வண்டல். கரையோரம் ஆழம் போதாவிட்டால் படகின் ஒரு பக்கம் தரைதட்டி நிற்கும். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் சாய்ந்தாலே குளியலறைத் தண்ணீர் வடிகுழாய்க்குப் போகாமல் மூலையில் தேங்கும், அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், படுக்கையில் உருளாமல் தூங்க முடியாது. எனவே படகுக் கோல் ஒன்றை இரவல் வாங்குங்கள். உங்கள் படகின் முன்பக்கம், நடு, பின்பக்கம் வரப்போகும் இடங்களில் கரையிலிருந்து ஒரு சாண் தள்ளி இறக்கிப் பாருங்கள். மூன்றடிக்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி. முன்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்பும்போது படகின் மூக்கு இன்னும் தாழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்து, இரண்டு லாக்குகளுக்கு நடுவே உள்ள நீளத்தைப் பாருங்கள். படகை ஏற்றி இறக்கும் லாக்குகளின் மரக்கதவுகள் பழையவை; எல்லாமே கொஞ்சம் கசியும். அடுத்தடுத்து லாக்குகள் உள்ள இடத்தில், நடுவிலுள்ள நீர்ப்பரப்பு சிறிதாக இருந்தால், மேலிருந்து வருவதைவிடக் கீழே கசிவது கூடும் ஓர் இரவில் நீர்மட்டம் ஓர் அடி இறங்கிவிடும். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கியவரின் படகு காலையில் கரையோரத் திட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மைல் கணக்கில் நீண்ட மட்டமான பகுதியில் இந்தக் கவலை இல்லை. அவ்வளவு தண்ணீர் ஓர் இரவில் வடிந்துவிடாது. கரைச் சுவரைப் பாருங்கள்: தண்ணீருக்கு மேலே ஈரமான பாசிக்கோடு உயரமாக இருந்தால் மட்டம் ஏறி இறங்குகிற இடம் என்று அர்த்தம். லாக்குக்குச் சற்றுக் கீழே உபரிநீர் வந்து விழும் வாய்க்காலின் வாயிலும் நிற்காதீர்கள். மழைநாளில் அந்த ஓட்டம் படகை இரவெல்லாம் அலைக்கழிக்கும்.

நதி மூரிங் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ட்ரெண்ட், சோர், ஏவன் நதிகள் மழைக்காலத்தில் பல அடி உயரும். மிதக்கும் மேடையோ, படகோடு ஏறி இறங்கும் உயரமான தூண்களோ இல்லாத இடத்தில் குடியிருப்பது ஆபத்து.

கரை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். நல்ல மூரிங்கில் இரும்பு வளையமோ கட்டுத்தறியோ கான்கிரீட்டில் பதித்திருக்கும். எஃகுத் தகடு அறைந்த கரை என்றால், தகட்டுக்கும் அதன் பின்னால் ஓடும் கிடைக்கம்பிக்கும் நடுவே கொக்கியைச் செருகிக் கட்டலாம், அதுவும் உறுதிதான். வெறும் மண்கரையில் முளை அடித்துக் கட்டுவது ஓரிரு நாளுக்குச் சரி, நிரந்தரத்துக்கு உதவாது. வேகமாக ஒரு படகு கடந்தால் அது தள்ளும் தண்ணீரும் இழுக்கும் தண்ணீரும் உங்கள் இருபது டன்னுக்கு நெருங்கிய எடையை முன்னும் பின்னும் ஆட்டும். நனைந்த மண்ணிலிருந்து முளை மெதுவாக எழும்பி வரும். முன்கயிறும் பின்கயிறும் படகிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்து போகும்படி கட்டி, எதிர்த்திசையில் இன்னொரு கயிறும் கொடுத்தால் ஆட்டம் அடங்கும். கூரையின் நடுவிலுள்ள கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். யாராவது கடக்கும்போதெல்லாம் படகு பக்கவாட்டில் சாய்ந்து எழும்.

ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயை நீங்கள் யோசித்தால் ஓர் எச்சரிக்கை. தாமஸ் டெல்போர்டு வடிவமைத்து 1835இல் திறக்கப்பட்ட அந்த நேர்கோட்டுக் கால்வாயில், பல இடங்களில் தண்ணீருக்குள் கரையை ஒட்டி ஒரு கல்விளிம்பு நீண்டிருக்கிறது. படகின் அடி அதில் மோதிக்கொண்டே இருக்கும். அங்குள்ளவர்கள் தள்ளுவண்டியின் சிறு டயர்ச் சக்கரத்தைக் கயிற்றில் கட்டிப் படகுக்கும் கரைக்கும் நடுவே தொங்கவிட்டுச் சமாளிக்கிறார்கள். ஆழமாக வெட்டிய உட்ஸீவ்ஸ் போன்ற பகுதிகளில் வெயிலும் குறைவு, செல்போன் அலையும் குறைவு. பார்க்கப் பேரழகு. குடியிருக்க, அதுவும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு, ஒத்துவராது.

தண்ணீர் சரியாக இருந்தால் அடுத்த தேர்வு ஜனவரி. ஜூன் மாத மாலையில் எந்த மூரிங்கும் சொர்க்கமாகத்தான் இருக்கும். நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில், மழையில், வேலை முடிந்து நீங்கள் வரும் நேரத்தில் போய்ப் பாருங்கள். காரிலிருந்து படகுவரை நடந்து பாருங்கள். அந்த வழியில்தான் 20 கிலோ நிலக்கரி மூட்டையையும், 13 கிலோ எரிவாயு அடைத்த சிலிண்டரையும், நிரம்பிய கழிப்பறைப் பெட்டியையும் சுமக்கப் போகிறீர்கள். கழிவு கொட்டும் இடம் எவ்வளவு தூரம்? தண்ணீர்க் குழாய் படகுக்கு எட்டுமா, இல்லை ஒவ்வொரு முறையும் படகை அவிழ்த்துக்கொண்டு போக வேண்டுமா? கால்வாய் உறைந்தால் படகு நகராது. அப்போது குழாயும் உறைந்திருக்கும். இதையெல்லாம் அங்கே ஒரு குளிர்காலம் கழித்தவரிடம் கேளுங்கள். டிரஸ்ட் பெரிய பழுதுபார்ப்பு வேலைகளைக் குளிர்காலத்தில்தான் செய்கிறது. லாக் மூடும் அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுவார்கள். உங்கள் மூரிங்குக்கும் அருகிலுள்ள டீசல் விற்பவருக்கும் நடுவே உள்ள லாக் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மின்சார இணைப்பு இருக்கிற இடத்துக்கே என் வாக்கு. கோடையில் சூரியத்தகடு போதும். டிசம்பரில் அதை நம்ப முடியாது. என்ஜினை ஓட்டி மின்கலம் நிரப்பவும் இரவு 8 மணி முதல் காலை 8 மணிவரை விதி அனுமதிக்காது. மாலையில் வீடு திரும்புகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். இணைப்பு இருந்தால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கரை மின்சாரத்தின் புவிக்கம்பி வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் கரையின் எஃகுத் தகடும் ஒரே மின்சுற்றாகிவிடுகின்றன. அதன் விளைவாகப் படகின் அடித்தகடு தண்ணீருக்குள் அரிக்கப்படும். அதைத் தடுக்கக் கால்வனிக் ஐசோலேட்டர் என்ற சிறு கருவியைப் படகு சர்வே செய்பவரிடம் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள். அதன் விலை, ஒரு தகடு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மரநிழல் வேண்டுமென்று ஆசைப்படாதீர்கள். லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்), சிக்கமோர் மரங்களின் இலைகளில் மொய்க்கும் அசுவினிகள் சொட்டும் பிசுபிசுப்பு கூரையெங்கும் படிந்து கறுக்கும். அதன் மேல் பறவை எச்சம், இலையுதிர் காலத்தில் சருகு. சூரியத்தகடும் வீணாகும்.

இப்போது பர்மிங்ஹாமுக்கு வருவோம். நகர நடுவிலுள்ள கேஸ் ஸ்ட்ரீட் பேசின் பகுதி எல்லோருக்கும் பிடித்தது. இடம் காலியாவது அபூர்வம், இரவில் கூட்டமும் சத்தமும் உண்டு. நான் உங்களுக்குச் சொல்வது உஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாய். கேஸ் ஸ்ட்ரீட்டிலிருந்து தெற்கே டார்டிபிக் உச்சி லாக்வரை ஏறத்தாழ 14 மைலுக்கு லாக்கே கிடையாது. மேலே சொன்ன நீர்மட்டக் கவலை அங்கே மிகக் குறைவு. வார இறுதியில் படகை எடுத்துக்கொண்டு ஒரு லாக்கைக்கூடத் திறக்காமல் நகரத்துக்குள் வந்துவிடலாம். வழியில் 2,726 கெஜ நீளமுள்ள வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கத்தையும் கடக்க வேண்டும். நகருக்குள் கிராஸ் சிட்டி ரயில்பாதை கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. போர்ன்வில், யுனிவர்சிட்டி நிலையங்கள் கால்வாயின் கரையிலேயே இருக்கின்றன. ஆல்வ்சர்ச்சில் மரீனாவும் இருக்கிறது, ரயில் நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம். முதலில் அங்கே விசாரியுங்கள். கிங்ஸ் நார்ட்டனில் பிரியும் ஸ்ட்ராட்போர்டு கால்வாயும் லாப்வொர்த் லாக்குகள் தொடங்கும்வரை அதே மட்டத்தில் ஓடுகிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

டார்டிபிக்கை எனக்குத் தனியாகப் பிடிக்கும். 30 லாக்குகள் வரிசையாக இறங்கும் அந்தச் சரிவின் உச்சியில்தான் எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் தன் கிரெஸி படகைக் கட்டி வைத்து, போர்க்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். 1945இல் ராபர்ட் ஐக்மேன் அவரை அந்தப் படகில் வந்து சந்தித்தார். அடுத்த ஆண்டு உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. கைவிடப்பட்டுத் தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காப்பாற்றப் போராடியவர்கள் இவர்கள். நீங்களும் நானும் இன்று மூரிங் தேட முடிகிறதென்றால் அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

57 அடி என்பது நல்ல தேர்வு. லீட்ஸ்–லிவர்பூல், கால்டர்–ஹெபிள் போன்ற குட்டை லாக்குகள் உள்ள வடக்குக் கால்வாய்களிலும் போகலாம். 60 அடிக்குமேல் போனால் அங்கே சிக்கல். மூரிங் வாடகை பெரும்பாலும் நீளத்தைப் பொறுத்தது. உங்கள் படகின் நீளத்துக்கா, நிறுத்தும் இடத்தின் நீளத்துக்கா என்று கேளுங்கள். 57 அடிப் படகுக்கு 60 அடி, சில இடங்களில் 70 அடிக் கட்டணம் கேட்பார்கள்.

தேடும் முறையைப் பற்றி. டிரஸ்ட் தன் சொந்த மூரிங்குகள் காலியாகும்போது இணையத்தில் அறிவிக்கிறது, அதைக் கவனித்து வாருங்கள். மரீனாக்களில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள், ஒன்றில் மட்டும் கொடுக்காதீர்கள். ஆனால் வயலோரமும் தோட்டக் கோடியும் இணையத்துக்கு வருவதே இல்லை. அதற்குக் கரைப்பாதையில் நடக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை கிங்ஸ் நார்ட்டனில் தொடங்கி ஆல்வ்சர்ச் பக்கமாக நடந்து பாருங்கள் (சுரங்கத்துக்கு மேலே கால்நடையாகப் போக வழி இருக்கிறது). காலியான கட்டுத்தறியைக் கண்டால் பக்கத்துப் படகில் விசாரியுங்கள். கால்வாய்க்காரர்கள் பேசப் பிரியமுள்ளவர்கள். வணக்கம் சொல்லி ஆரம்பித்தால் தேநீரில் முடியும். எல்லோருக்கும் மேலாக, நிலக்கரி, டீசல், எரிவாயு விற்றுக்கொண்டு படகிலேயே சுற்றிவரும் வியாபாரியைப் பிடியுங்கள். யார் படகை விற்கப் போகிறார், எந்த விவசாயி இடம் தருவார், எந்தக் கரை தரைதட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் அறிந்தவரை நல்ல இடங்கள் பலவும் இப்படிக் காதுவழியாகத்தான் கைமாறுகின்றன.

இடம் அமைந்தால் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள். வெளியேறச் சொல்ல எவ்வளவு அவகாசம், ஆண்டுக்கு ஆண்டு வாடகை எப்படி உயரும், மின்சாரம் யூனிட் என்ன விலை, பெயின்ட் அடிப்பது போன்ற வேலைகளைப் படகில் செய்யலாமா, தபால் வாங்கித் தருவார்களா என்று பாருங்கள். சில மரீனாக்களில், நீங்கள் நாளை படகை அங்கே வைத்தே விற்றால் அவர்களுக்குத் தரகு கொடுக்க வேண்டும் என்ற வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே அதை நீக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

உடனே எதுவும் கிடைக்கவில்லை என்றால் அவசரப்பட்டு மோசமான இடத்தில் ஓராண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். பல மரீனாக்கள் மாதக் கணக்கில் இடம் தருகின்றன. நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி கடைசிவரை டிரஸ்ட் சில இடங்களைக் குளிர்கால மூரிங்காகவும் விற்கிறது. அங்கே ஒரு குளிர்காலம் நின்றபடியே பக்கத்துப் பகுதிகளை நடந்து பார்த்து முடிவெடுக்கலாம். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்த நான்கு மாதங்களுக்கு வெளியே மீதி எட்டு மாதமும் 14 நாள் விதி உங்களுக்குப் பொருந்தும், ஆகவே மார்ச் முதல் தேதிக்குப் படகு எங்கே நிற்கும் என்பதை ஜனவரியிலேயே பேசி வைத்துவிடுங்கள்.